நாலு பல்பு எரிகிறது, மாமா

அன்பும் மரியாதையும் கலந்த காஸிமிர் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் ட்ரெவர், உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பெர்னடெட் அத்தையும் குளிரில் நலம். அங்கு, அதாவது பூட்டிய இந்தக் கதவுக்குக் கீழே பேஸ்மென்ட்டில், நீங்களும் உங்கள் சிநேகிதர் நோர்பர்ட்டும் நலமா என்று விசாரிக்க நேரமில்லை. ஒரே வீட்டுக்குள் கடிதம் எழுதும்படி செய்துவிட்டீர்கள். டிவியில் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் தொடங்கியதும் விஷயத்தைச் சொல்லத்தான் கீழே வந்தேன். நான் கடைசிப் படியில் கால் வைக்கவும் எதிரணி புள்ளி எடுக்கவும் சரியாக இருந்தது. "இவன் வந்தான், அவன் எடுத்தான். மேல போடா," என்றீர்கள். நோர்பர்ட், "இஞ்சினியர் தம்பி, கோவிச்சுக்காத. ஆட்டம் முடியிற வரைக்கும் உன் குரலே இங்க கேக்கக் கூடாது," என்று தாழ்ப்பாள் போட்டார். ஆகவே காகிதம். காகிதத்துக்குக் குரல் கிடையாது.

உடனே மேலே வாருங்கள். ஃப்ரிட்ஜ் மேல் உங்கள் போன் கிடக்கிறது. போன் பேஸ்மென்ட்டுக்குள் வந்தால் நம் அணி தோற்கும் என்பது நீங்களே போட்ட சட்டம். பூட்டிய திரையிலும் தொகை மின்னிக்கொண்டே இருக்கிறது: பந்தயத்தை இப்போதே முடித்துக்கொண்டால் ஆறாயிரம் டாலர். நம் அணி ஏழு புள்ளி முன்னால் இருப்பதால் இந்தத் தாராளம். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் செத்துக் கிடக்கிறது, புதிது போட நாலாயிரம் போதும். போனைத் திறந்து, பந்தயத்தை முடிக்கும் பொத்தானை அழுத்துங்கள். அத்தை குளிருக்கு ஓவன் அடுப்பின் கதவைத் திறந்துவைத்து, அதன் முன்னால் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஃபர்னஸ்காரனுக்கு வைத்திருந்த முன்பணம் நானூறும் உங்கள் பார்லே பந்தயத்துக்குப் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்து மூன்று நாள் ஆகிறது. "உன் மாமா ஜெயிக்கட்டும், தோக்கட்டும், எனக்கு ஒண்ணுதான். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஃபர்னஸுக்குப் பணம் வரலன்னா, நான் வெயில் காயுற டாம்பாவுல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். பனி உருகினதும் வரணும்னு தோணினா வருவேன்," என்கிறாள். குரலில் கோபமே இல்லை, மாமா. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. கம்பளி எதையும் பெட்டியில் வைக்கவில்லை, எல்லாம் பருத்தி.

பார்லே என்றால் என்னவென்று தெரியாமலே பத்து வருஷமாகப் போடுகிறீர்கள். உங்கள் வாசலில் தொங்குகிறதே பழைய கிறிஸ்துமஸ் விளக்குச் சரம், அதில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் செத்துப்போகும் அல்லவா, அதுதான் பார்லே. ஐந்து ஆட்டத்தைக் கோத்தீர்கள். ஐந்தும் எரிந்தால்தான் காசு. நாலு எரிந்தால் நாலு பங்கு என்பதெல்லாம் கிடையாது. நான் ரயில் பிரேக் சோதிக்கிறவன். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த ஐந்தும் வேலை செய்ய வேண்டும் என்றால் வாய்ப்பைப் பெருக்க வேண்டும். நீங்கள் போன ஞாயிற்றுக்கிழமை கோழி விங்ஸ் எலும்பை உறிஞ்சிக்கொண்டே கூட்டினீர்கள். "ஒவ்வொண்ணும் அம்பது சதவீதம். அஞ்சு அம்பது எரநூத்தம்பது. நூறு இருந்தாலே போதும்டா, நம்மகிட்ட ரெண்டரை மடங்கு இருக்கு." நோர்பர்ட் அதற்குத் தலையாட்டினார். பாதியில் பாதி கால், அதில் பாதி அரைக்கால் என்று ஐந்து முறை பாதியாக்கினால் முப்பத்திரண்டில் ஒன்று. முப்பத்திரண்டு பேர் இப்படி டிக்கெட் போட்டால் ஒருவர்தான் சிரிப்பார். நியாயப்படி அவருக்கு முப்பத்திரண்டு மடங்கு தர வேண்டும். பந்தயக் கம்பெனி தருவது இருபத்தைந்துக்குக் கொஞ்சம் மேல். ஒரே ஆட்டத்தில் பந்தயம் கட்டினால் நூற்றுக்கு நாலரை டாலர் அவன் பைக்குப் போகும், ஐந்தைக் கோத்தால் இருபத்தொன்று. பார்லேக்கு மட்டும் விளம்பரத்தில் ஏன் வாணவேடிக்கை விடுகிறான் என்று என்றைக்காவது யோசித்தீர்களா?

சரி, நாலு பல்பு எரிந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மூளையால் அல்ல, ஆனாலும் எரிந்துவிட்டது. "நாலு வந்தாச்சு, அஞ்சாவது எங்கடா போயிடும்?" என்றீர்கள். எங்கே வேண்டுமானாலும் போகும். முந்தைய நாலும் எரிவது ஐந்தாவது பல்புக்குத் தெரியாது. அதிலும் ஐந்தாவதாக எதைச் சேர்த்தீர்கள்? நம்மூர் அணியை. ஏன் என்று கேட்டால், "நம்ம பசங்கள விட்டுட்டு ஒருத்தன் டிக்கெட் போடுவானா? நாளைக்கு சர்ச்சுல எவன் மூஞ்சில முழிக்கிறது?" இந்த பஃபலோ ஊரில் பிறந்தவன் எவனும் அவர்களை விட்டுவிட்டு டிக்கெட் போட்டதில்லை. கம்பெனிக்கு அது நன்றாகத் தெரியும். அவர்கள் ஜெயித்தால் மட்டும் போதாது, குறைந்தது நாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறான். மூன்றில் ஜெயித்தால் ஊருக்குக் கொண்டாட்டம், உங்களுக்குப் பட்டை நாமம்.

இதை எழுதுவதற்குள் எதிரணி ஏழு புள்ளி எடுத்துவிட்டது, உங்கள் டிவி சத்தம் கதவு வழியாகக் கேட்கிறது. ஆட்டம் சமம். திரையில் மூவாயிரம். பார்த்தீர்களா, நான் பெருக்கல் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் முக்கால் ஃபர்னஸ் ஓடிப்போயிற்று. பொத்தானும் யோக்கியமில்லை, உள்ள மதிப்பைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் தருவான், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் மாமா, முழுப் பணம் பத்தாயிரம் வந்தால் ஃபர்னஸோடு ஒரு பழைய டிரக்கும் வரும், வராவிட்டால் அத்தை போய்விடுவாள். இதற்குக் கணக்குகூட வேண்டாம். இன்னொரு முறை திரை நாலாயிரத்தைத் தொட்டால் அதை விடவே கூடாது. எழுந்து வாருங்கள். அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதற்கும் பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படித்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

செஸ்டகோவா மாதா உங்களுக்கு நீண்ட ஆயுளும், நோர்பர்ட்டுக்குக் கொஞ்சம் கணக்கும் அருளட்டும்.

என்றும் உங்கள் நன்மை நாடும்,
ட்ரெவர்

பி.கு.: இந்தக் கடிதம் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்றால், கதவடியில் தள்ளக் குனிந்தபோது நம்மவன் எதிரணியின் பந்தைப் பறித்துவிட்டான். அந்த நேரத்தில் காகிதத்தை உள்ளே அனுப்புவானேன் என்று நிமிர்ந்துவிட்டேன். மூடாத பெட்டியை அமுக்க அத்தை அதன் மேல் உட்கார்ந்தாள், அதே நொடியில் நமக்கு மூன்று புள்ளி. "அத்தை, அசையாதீங்க," என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

அத்தை உட்கார்ந்தபடியே போனில் உங்கள் கல்யாணத் தேதியை அடித்துப் பார்த்தாள். பூட்டுத் திறந்தது. பிறகு போனை என் கையில் வைத்து, "நீ படிச்சவன். நீயே அழுத்து," என்றாள். மூன்று புள்ளி முன்னால் இருந்தோம், பந்தும் நம்மிடம், எல்லைக்கோடு எட்டிப் பிடிக்கிற தூரம். திரையில் நாலாயிரம். விரலைக் கொண்டுபோனேன். பந்து இன்னும் ஒரே ஒரு முறை நகரட்டுமே என்று தோன்றியது. பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது, இனி அழுத்த முடியாது.

அப்புறம் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஜெயிப்பது உறுதியானதும் நம் பையன் பந்தை வாங்கி, புத்திசாலியாக, எல்லைக்கோட்டைத் தாண்டாமல் முழங்கால் போட்டு நேரத்தைக் கடத்திவிட்டான். மூன்று புள்ளியில் வெற்றி. தெரு முழுக்க ஹாரன் அடிக்கிறார்கள். இந்த வீட்டில் மட்டும் சத்தமில்லை.

"நீயுமாடா?" என்று கேட்டு அத்தை பெட்டியிலிருந்து எழுந்தாள். விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். மேலே எழுதிய கணக்கைச் சரிபார்த்துவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. வெளியே வரும்போது கோட்டுப் போட்டுக்கொண்டு வாருங்கள், அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறோம்.