பேய்க் கவிதைக்கு ஜன்னல் மாட்டியவர்

சிங்கப்பூரில் பழைய ஆங்கிலப் பேய்க் கவிதைகளை முழுதாகப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் ஜன்னல் மாட்டுபவர். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிய நான் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும், படவில்லை.

எங்களுக்கு அவர் 'ஜன்னல் அண்ணன்'. தீவின் வடகோடியிலுள்ள மார்சிலிங்வாசி. தேக்காவில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் எங்கள் வாசகர் வட்டம் கூடும். அங்கே ஜன்னலைப் பழுதுபார்க்க வந்தவர், திருகாணி முடுக்கியபடியே நாங்கள் வாசித்ததைக் கேட்டார். அடுத்த வாரம் உறுப்பினராக வந்து உட்கார்ந்துவிட்டார்.

பாழடைந்த மாளிகை, கல்லறை, செத்தும் காதலை விடாத பெண்கள் என்றே வாசிப்போம். பழஞ்சொற்கள் வரிக்கு வரி காலை வாரும். நாங்கள் கைப்பேசியில் தேடுவோம். அண்ணன் தேடமாட்டார்.

"சொல்லைத் தொட்டுப் பாக்கணும் தம்பி. போன்ல பாத்தா மறந்துடும்லா."

'ஷ்ரவுட்' என்றால் பிணத்தைச் சுற்றும் துணி என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாளே சிராங்கூன் சாலைத் துணிக்கடையில் போய் நின்றிருக்கிறார்.

"யாருக்கு அங்கிள், எத்தன மீட்டர்?"

"எனக்குத்தாம்மா. தலையிலேருந்து மூடணும். கால் வெளிய தெரியக்கூடாது."

கடைப் பெண் துணியை வெட்டாமல் முதலாளியைக் கூப்பிட்டுவிட்டாள். முதலாளி டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் என்ன பிரச்சினை என்று அரைமணி நேரம் விசாரித்துத்தான் அனுப்பினாராம். 'டேப்பர்' என்ற ஒல்லி மெழுகுவத்தியின் வெளிச்சத்தில் வாசித்துப் பார்த்ததில் அவருக்கு ஒரு புருவம் பாதி கருகிப் போயிற்று.

அப்புறம் அந்தக் கவிதை வந்தது. இறந்த மனைவி உயரமான மாளிகையின் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறாள். கணவன் தாழ்ப்பாளில் கை வைத்து அழுகிறான்; கடைசிவரை திறக்கவில்லை. பயம் என்று விளக்கினேன். அண்ணன் கை தூக்கினார்.

"பயம் இல்ல தம்பி. அடுத்த வாரம் பத்து நிமிஷம் குடுங்க, நான் பேசுறேன்."

அவர் தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். பின்வரிசையில் ஒருவர் சிரித்தது அண்ணனுக்கும் கேட்டது. படியிறங்கும்போது என்னிடம், "சொதப்பிட்டேன்னா இனிமே வரமாட்டேன்," என்றார். அவர் இல்லாத சனிக்கிழமையை நினைக்கவே பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தார். தோளில் முழு ஜன்னல், சட்டத்தோடு. சிரித்தவரைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் மனைவி. செத்துட்டீங்க. வெளிப்பக்கம் ஒட்டி நில்லுங்க."

அவரும் நின்றார்.

"கவிதையில கேஸ்மெண்ட்னு எழுதியிருக்கு. நீங்க சும்மா ஜன்னல்னு படிச்சிட்டுப் போயிட்டீங்க. முப்பது வருஷமா இதத்தான் மாட்டுறேன். இது வெளிய தள்ளித்தான் திறக்கும். அந்த ஊர்லயும் அப்படித்தான், விசாரிச்சிட்டேன்."

மெல்லத் தள்ளினார். கண்ணாடிக் கதவு மனைவியாக நின்றவரின் மார்பில் முட்டியது. அவர் ஓரடி பின்வாங்கினார்.

"பாத்தீங்களா? திறந்தா அவ விழுந்துடுவா. ஒரு தடவ இழந்தவன், தன் கையாலயே எப்படித் தள்ளுவான்?"

"பேய்தானே அண்ணே, விழுந்தா என்ன?" என்றேன் நான்.

"உங்களுக்குப் பேய். அவனுக்குப் பொண்டாட்டிலா."

மனைவியாக நின்றவர்தான் முதலில் கைதட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இப்போது அண்ணன் வராமல் நாங்கள் கூட்டத்தைத் தொடங்குவதில்லை. அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். என் வீடு ஒன்பதாவது மாடியில். வெளியே யாரும் நிற்கப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் காலையில் ஜன்னலைத் திறக்கும்போது அவரை நினைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் தள்ளுகிறேன்.