கார்க் அடைத்த கல்யாண வண்டி

ஒழுகுகிற எதையும் உடனே அடைத்துவிடத் துடிப்பது மாப்பிள்ளைகளுக்கே உள்ள வியாதி. மாமனார் வீட்டுத் தண்ணீர்க் குழாயோடு நின்றுவிட்டால் சேதம் குறைவு. நான் எஞ்சின் வரைக்கும் போனேன்.

என் மனைவியின் தங்கை ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். பெண் வீடு திண்டிவனம். திருமணப் பூசை அதே மாவட்டத்தில் வல்லம் பக்கத்தில், மாப்பிள்ளை ஊர் மாதா கோவிலில். மணப்பெண்ணை என் பழைய டீசல் ஜீப்பில் அழைத்துப் போவதாக நானே அறிவித்தேன். (யாரும் கேட்கவில்லை.) அதில் டர்போ இருந்தது. அந்தச் சொல்லை நான் சாப்பாட்டு நேரத்தில்கூட விட்டுவைத்ததில்லை.

முதல் நாள் மாலை, கல்யாணத்துக்காக வாசலில் புதிதாகப் பதித்திருந்த வெள்ளை டைல்ஸ் மேல் ஜீப்பை நிறுத்தினேன். மாமனார் வந்து குனிந்து பார்த்தார். உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து எடுத்துவந்து எஞ்சினுக்குக் கீழே செருகினார். என்னவென்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல மாப்ள. சும்மா.”

அந்தச் ‘சும்மா’வுக்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம். உடனே வண்டிக்குக் கீழே புகுந்தேன். எஞ்சின் மேலிருந்து தொங்கிய ஒரு ரப்பர் குழாயின் நுனியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயின் மறுமுனை எதிலும் சேரவில்லை. எதிலும் சேராத குழாய் எதற்கும் உதவாத குழாய் என்று தீர்ப்பளித்தேன். உறவினர்கள் காலி செய்திருந்த பாண்டிச்சேரி ஒயின் பாட்டிலின் கார்க்கை அதில் அடித்து இறக்கி, கம்பியால் முறுக்கிக் கட்டினேன். காலையில் அட்டையில் புதிய சொட்டு இல்லை. மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பத்து மணிக்குப் பூசை. அது முடிந்ததும் பங்குச் சாமியாருக்கு வேறொரு கிராமத்தில் அடக்கம் இருந்தது. பெண் வரத் தாமதமானால் முதலில் அங்கே புதைத்துவிட்டு வந்துதான் இங்கே தாலி என்று சொல்லியனுப்பியிருந்தார்.

முன்னால் மாமனார், பின்னால் வெள்ளைப் புடவையில் ஸ்டெல்லா, பக்கத்தில் என் மனைவி. ஊர் தாண்டியதும் மல்லாட்டை (நிலக்கடலைதான்) மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியை அடைத்தது. “இப்ப பாருங்க மாமா, டர்போ எப்படி இழுக்குதுன்னு” என்று மிதித்தேன். இழுத்தது. டிராக்டரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பானெட்டுக்குள் ‘டப்’ என்றது. பிறகு புகை. சாலை தெரியவில்லை. ஓரம் கட்டினேன்.

டிராக்டர்காரர் எங்களைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தார். “இன்னாண்ணே, கொசு மருந்து அடிச்சிக்கினு போறீங்களா?”

பானெட்டைத் திறந்தேன். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி துளையிலிருந்து பிடுங்கி எறியப்பட்டிருந்தது. அந்தத் துளை வழியாகச் சீறிய எண்ணெய் கொதிக்கும் டர்போ மேல் விழுந்து கருகிக்கொண்டிருந்தது. எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் சீல்களும் பிதுங்கியிருந்தன. நான் எதற்கும் உதவாதது என்று தீர்ப்பளித்தது பிரீதர் பைப், எஞ்சின் மூச்சுவிடும் குழாய். டர்போ அழுத்தித் தள்ளும் காற்றில் கொஞ்சம் எப்போதும் பிஸ்டனைத் தாண்டி எஞ்சினின் அடிவயிற்றுக்குள் நழுவும். அது வெளியேற இருந்த ஒரே வழி அந்தக் குழாய்தான். (இதைச் சாலையோரம் நின்று போனில் படித்தேன். முந்தைய நாளும் போனில் நெட் இருந்தது.)

கார்க்கைப் பிடுங்கினேன். குழாயில் தேங்கியிருந்த எண்ணெய் மொத்தமும் என் பட்டு வேட்டியில் இறங்கியது. ஸ்டெல்லா கண்ணாடியை இறக்கினாள்.

“மாமா, என்னா வேணா பண்ணுங்க. எங்கிட்ட மட்டும் வராதீங்க.”

மாமனார் நடுச்சாலையில் கைகளை விரித்து நின்றுவிட்டார். நல்லவேளையாக வந்தது, விழுப்புரத்திலிருந்து எங்கள் கல்யாணத்துக்கே போய்க்கொண்டிருந்த பேண்டு வாத்தியக்காரர்களின் வேன். கோவில் வாசலில் நின்று பெண்ணை வரவேற்க வேண்டியவர்கள் பெண்ணையே ஏற்றிக்கொண்டார்கள். எனக்கும் இடமிருந்தது, என் வேட்டிக்கு இல்லை. பெரிய டிரம்முக்கும் சாக்ஸபோனுக்கும் நடுவில் உட்கார்ந்து ஸ்டெல்லா போய்ச் சேர்ந்தபோது, சாமியார் அடக்கத்துக்குக் கிளம்ப வண்டியில் ஒரு காலை வைத்திருந்தாராம். நான் யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டு சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பிரியாணியில் குஷ்கா மட்டும் மிஞ்சியிருந்தது.

ஸ்டெல்லாவுக்கு இப்போது கைக்குழந்தை. பால் கொடுத்ததும் அவனைத் தோளில் போட்டு முதுகைத் தட்டுவாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுவாள்:

“ஏப்பம் வுட்றா கண்ணு. அடக்கி வெச்சா பெரிப்பா வண்டி மாதிரி ஆயிடுவ.”

அவனும் என்னைப் பார்த்துக்கொண்டே விடுகிறான்.