மாமாவைக் கயிற்றால் கட்டிய சவூதிச் சட்டம்

சவூதி அரேபியாவில் நான் கார் ஓட்டாத றோட்டே கிடையாது.

பொய். அங்கே ஒரு காரை வெயிலில் இருந்து நிழலுக்குக்கூட நான் நகர்த்தியதில்லை. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் கல்முனைக்குடியே இதை நம்பியது. அப்போது எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அறைத் தோழன் எழுதிய கடிதங்களில் நான் பெரிய டிரைவர். (பொய் என்னுடையது, கையெழுத்து அவனுடையது.)

அதிகம் நம்பியவர் ஆதம்பாவா மாமா, என் உம்மாவின் தம்பி. தன் மகள் ஜெஸீமாவுக்குப் பேசி வைத்திருந்த அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரை நிறுத்திவிட்டு, சவூதி டிரைவர்தான் மருமகன் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் ஊருக்கு வந்தபோது, நான் ஓட்டுவதற்கென்றே கண்டிப் பக்கம் போய் ஒரு பழைய மொறிஸ் மைனர் காரும் வாங்கி நிறுத்தியிருந்தார்.

சவூதியில் ஒரு வீட்டுக்கு நாலு கார். எங்கள் ஊரில் ஒரு காருக்கு நாற்பது வீடு. மாமா வாங்கியது ஒரே வாரத்தில் தெருவுக்கே 'நம்மட கார்' ஆகிவிட்டது. அதில் சாய்ந்து நின்று ஊர்க்கதை கதைப்பார்கள். அதன் கீழே ஆடு படுக்கும். பின் சீட்டில் ஒரு கோழி அடைக்குப் படுத்திருந்தது. அதை எழுப்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த மாமா, வரிப்பத்தான்சேனைக்குப் போய் வயலைப் பார்த்து வருவோம், காரை எடுங்கள் என்றார். ஓட்டாவிட்டால் ஜெஸீமா வீட்டுக்குக் கிளாக்கர் வருவார். ஓட்டினால் நான் மையவாடிக் குழிக்குப் போவேன்.

ஆகவே சட்டம் பேசினேன். சவூதியில் பெல்ட் கட்டாமல் கார் அசையவே கூடாது, பொலிஸ் பிடித்து உள்ளே போட்டுவிடும், இந்தக் காரிலோ பெல்ட் இல்லை, மாமாவின் உயிரோடு விளையாட என் மனம் கேட்காது என்றேன். (அங்கே கட்டிப்போட்டு நான் கண்டது ஒட்டகத்தை மட்டும்தான்.)

மாமா யோசித்தார். மாட்டுக் கயிறு வந்தது.

"கட்டுங்க மருமகன். சட்டமெண்டா சட்டம்தானே."

கோழியை இறக்கிவிட்டு, அவரைப் பின் சீட்டோடு சேர்த்து, நன்றாக நேரம் போகும்படி சுற்றிச் சுற்றிக் கட்டினேன். பிறகு, பின்னால் பார்க்கக் கண்ணாடி இல்லையே என்றேன். மாமி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். அதோடு என்னிடம் இருந்த சட்டம் தீர்ந்துபோனது.

முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. அது பக்கத்துச் சீட்டுக்கு முன்னால் இருந்தது. மானம் போனது என்று நான் குனிந்திருக்க, கயிற்றுக்குள் இருந்தபடி மாமா மாமியிடம் பெருமையாகச் சொன்னார்.

"பாத்தியா, அரபு நாட்டுப் பழக்கம். அங்க டிரைவர்மார் அந்தப் பக்கம்தான் இரிக்கிற."

இடம் மாறினேன். தெருவே சேர்ந்து தள்ளியது. கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது.

சவூதி றோட்டில் கார் மட்டும் ஓடும். நம் றோட்டில் நெல் காயும், மாடு அசைபோடும், மிச்சம் இருக்கிற இடத்தில் மனிதன் போகலாம். எதிரே சைக்கிளில் ஒரு மீன்காரர் வந்தார். சவூதியில் கண்ட ஞாபகத்தில் நான் வலது பக்கம் வெட்டினேன். அவர் வந்துகொண்டிருந்ததும் அந்தப் பக்கம்தான். அவருக்குத் தப்ப இன்னும் வெட்டினேன். யாரோ காயப்போட்ட நெல்லை மிதித்துக்கொண்டு கார் வாய்க்காலில் இறங்கி நின்றது.

மாமாவுக்கு ஒரு கீறல் இல்லை. கயிறு காப்பாற்றிவிட்டது. சட்டம் செய்த எனக்குத்தான் நெற்றி புடைத்தது. முழங்கால் தண்ணீரில் நின்று நான் முடிச்சோடு போராட, அவர் மெதுவாகக் கேட்டார்.

"மெய்யச் சொல்லுங்க மருமகன். சவூதியில நீங்க என்ன வேல செஞ்ச?"

"கார் கழுவின, மாமா."

சேறு அப்பிய காரை ஒரு தரம் பார்த்தார்.

"அப்ப கழுவுங்க."

கழுவினேன். தெரு முழுக்கக் கரையில் நின்று, அங்கே சேறு போகவில்லை, இங்கே போகவில்லை என்று குறை சொன்னது. கல்யாணப் பேச்சு முறிந்தது என்றே நினைத்தேன். ஆனால் அன்றைக்கு மாமா மாமியிடம் சொன்னது இது: "ஓட்டத் தெரிஞ்சவன் எங்கயும் போயிருவான்கா. இவன் ஊட்டோட கிடப்பான்."

கிடக்கிறேன். இந்தக் குடும்பத்துக்குள் எந்த வாகனம் வந்தாலும் ஸ்டார்ட் செய்யும் திறப்பை என் கண்ணில் காட்டமாட்டார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள்கூட, மாப்பிள்ளை காரில் வரக்கூடாது, நடந்தே வரட்டும் என்று ஜெஸீமா ஆள் அனுப்பினாள். நானும் லேசுப்பட்டவனா, அவளுக்கு என்ன பதில் சொல்லி அனுப்பினேன் தெரியுமா, நான்...

"இஞ்சாருங்க, நம்மட மகள்ட மாப்பிள வேனோட வந்திரிக்கார். ஒரே சேறு. வாளிய எடுத்துக்கிட்டு வாங்க."