குதிரைமூலம்

ஆதிமூலப் பேர்வழி என்று ஓர் இனம் உலகில் உண்டு. அவரிடம் மணி என்ன என்று கேட்டுவிடாதீர்கள். மனிதன் நிழலை அளந்த காலத்திலிருந்து தொடங்குவார். நாற்காலியை நகர்த்தச் சொன்னால் அந்த மரம் முளைத்த காட்டுக்கே போய்விடுவார். "சுருக்கமா சொல்லிடறேன்" என்று அவர் வாய் திறந்தால் நீங்கள் செருப்பை மாட்டிக்கொள்வது நல்லது. அப்படியும் வாசல்வரை வருவார், தெருமுனைவரை வருவார், பேருந்தில் பாதி ஏறுவார். உங்கள்மீது பிரியமா? பாதியில் நிற்கும் கதைமீது பிரியம்! இந்தப் பிராணியைப் பற்றி எனக்கெப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். குதிரைமூலத்தைப் பற்றி ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் வினை. குதிரைகளின் மரபணு வரலாறு பற்றி ஒரு கட்டுரை படித்ததிலிருந்து என்னிடம் யாரும் தப்பவில்லை. பல் வைத்தியருக்குக்கூட, அவர் விரல் என் வாய்க்குள் இருக்கும்போதே சொல்லி முடித்தேன். அலுவலகக் கணக்கர் மட்டும் 'மூலம்' என்ற சொல் காதில் விழுந்ததும் பரிவோடு ஒரு களிம்பு சிபாரிசு செய்தார்.

என் தங்கை கால்நடை மருத்துவர். கணவரோடு ஊருக்கு வெளியே சிறு குதிரைப் பண்ணை நடத்துகிறாள். அவர்களுடைய கறுப்புக் குதிரைக்குப் போன வருடம் குட்டி செத்துப் பிறந்தது. அதனால் இந்த முறை பிரசவம் நெருங்கியதும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு மனைவியோடு போயிருந்த நான் மட்டும் தாராளமாக மூச்சை விட்டேன், வார்த்தைகளாக.

விடிந்தும் விடியாத வேளை. லாயத்தில் குதிரை வைக்கோல்மீது சுற்றிச் சுற்றி நடந்தது, முன்கால்களை மடக்கிப் படுக்கப் பார்த்தது. நான் தடுப்புக் கட்டையில் சாய்ந்தபடி தங்கையின் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளே, மனுஷன் மொதல்ல பிடிச்சுக் கட்டிப் பால் கறந்த குதிரைங்கதான் இதுக்கெல்லாம் மூதாதைன்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தாங்க. எலும்புல இருந்து மரபணு எடுத்துப் பாத்தா, கிடையவே கிடையாது! அது வேற வம்சம். நம்ம குதிரையெல்லாம் நாலாயிரத்துச் சொச்சம் வருஷம் முன்னாடி வேறொரு புல்வெளியில கிளம்பினது. வலுவான முதுகு, சாதுவான குணம், அப்படிப் பாத்துப் பாத்து..."

படுக்கப் போன குதிரை விறைத்து நின்று, காதுகளை என் பக்கம் திருப்பியது.

"பாத்தீங்களா, கேக்குது!"

அது மறுபடி படுக்கப் பார்த்தது. நான் மறுபடி தொடங்கினேன். அது மறுபடி நின்றுகொண்டது.

"அண்ணா, பக்கத்துல ஆள் சத்தம் இருந்தா குதிரை பிரசவத்தைத் தள்ளிப்போடும்" என்றாள் தங்கை.

"அதுக்கும் காரணம் இருக்கும்மா. காட்டுல திரிஞ்ச காலத்துல..."

"அண்ணா!" அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், வெளிய போ."

போனேன். வேலியோரம் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"துரத்திட்டாங்களா?"

"நானாத்தான் வந்தேன். நான் பேசினா குதிரை படுக்க மாட்டேங்குதாம்."

"எனக்கும் கல்யாணமான நாள்லேருந்து அதே வியாதிதான்" என்றாள்.

லாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. என் வாயால் ஓர் உயிருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

வெயில் ஏறத் தொடங்கியபோது தங்கையின் கணவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஓடினேன். ஈரம் காயாத ஒரு குட்டி, நாலு கால் நாலு திசைக்குப் போக, எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து நின்றது. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது. தங்கை வைக்கோல் ஒட்டிய கையோடு என் தோளைப் பற்றினாள்.

"இப்ப சொல்லுண்ணா. காட்டுல என்னமோன்னியே?"

எவ்வளவு யோசித்தும் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"அழகா இருக்கும்மா" என்றேன்.

அந்த ஞானம் காலைச் சாப்பாடுவரை நீடித்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். 'நல்லவேளை, நமக்கு இந்த நோய் இல்லை' என்று ஒரு நிம்மதி. சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள்: முதலில் கட்டிப் பால் கறந்த குதிரைகள் வேறு வம்சமாமே, இதை நாளைக்கு யாரிடம் எடுத்துவிடலாம் என்று மனசுக்குள் ஆள் பார்த்துவிட்டீர்களா, இல்லையா?