கல்லுக்குக் கழித்த தண்ணீர்

என் வாழ்க்கையில் மைக்கைப் பிடித்து நான் பேசியது ஒரே ஒரு தடவைதான். அன்று நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்போம்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் அப்பா கணக்கப்பிள்ளை. பெண்கள் மலையிலிருந்து சுமந்துவரும் கொழுந்தை நிறுத்து, இத்தனை கிலோ என்று சொல்வது அவர் வேலை. அவர் வாயிலிருந்து வரும் கிலோவை வைத்துத்தான் பேர். (தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப் பேர்தான்.) உயர்தரத்தில் நான் பௌதிகவியல் எடுத்தபோது அப்பா சொன்னார்:

"இந்தத் தோட்டத்துல எத்தனையோ பேருக்குப் பேர் போட்டிருக்கேன். எனக்கு ஒரு பேர் நீதான் வாங்கித் தரணும்."

அந்தப் பேரை வாங்கத்தான் நான் ட்ரெபுஷே செய்தேன். அந்தக் காலத்தில் கோட்டைச் சுவரை இடிக்கக் கல் வீசிய எந்திரம் அது. நீண்ட மரக்கையின் ஒரு முனையில் பெரும் பாரம், மறுமுனையில் கவண். பாரம் தொபுக்கென்று இறங்கும், கவண் சுழன்று கல்லை வீசும். எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்கு அதன் சிறிய மாதிரியைச் செய்தேன். கைக்கு சவுக்கு மரம்; கவணுக்கு, கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றும் படங்கில் ஒரு துண்டு; வீசுவதற்கு உருளைக்கிழங்கு. (கல் வீச அதிபர் அனுமதி தரவில்லை. தீர்க்கதரிசி.)

போட்டி விதி எளிமையானது. எவ்வளவு தூரம் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். ஒரே வீச்சு. சொன்ன இடத்தில் விழுந்தால் மாகாண மட்டத்துக்குத் தெரிவு. பாதிப் பாரத்தோடு வீட்டு வாசலில் வீசிப் பார்த்தேன். கடையில் வாங்கிய அரிசிப் பைகள்தான் பாரம். கணக்கு அச்சொட்டாக வந்தது. முழுப் பாரத்துக்குக் கருங்கற்களைச் சாக்கில் கட்டினேன். அதை நிறுக்கக் கடைத் தராசு போதாது. அப்பாவிடம் போனேன்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில், மழைத் தூறலில், அப்பா சாக்கைத் தராசில் மாட்டினார். முள்ளைப் பார்த்தார்.

"இருவது."

நான் இருபது என்று கணக்குப் போட்டேன். மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். வட்டத்துக்கு மூன்று எட்டு அப்பால், நன்றாகத் தெரியட்டும் என்று, பிரதம விருந்தினரான தோட்டத்து மேலாளர் துரைக்கு மேசை போடச் சொன்னதும் நான்தான். என் கணக்கின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. வெள்ளை விரிப்பு, கிண்ணத்தில் பூ, தேநீர்க் கேத்தல். துரைக்குப் பக்கத்தில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். அரை நாள் லீவு கொடுத்திருந்ததால் தோட்டத்துப் பெண்கள் முழுப்பேரும் வந்திருந்தார்கள்.

கயிற்றை இழுத்தேன். உருளைக்கிழங்கு எழும்பியது. வட்டத்தின் மேலாக, மிக மரியாதையாக, அது கடந்து போனது. கேத்தல் கவிழ்ந்தது. துரையின் வெள்ளைக் காற்சட்டையில் எங்கள் தோட்டத்துத் தேயிலை நல்ல நிறம் என்பது நிரூபணமாகியது.

யாரும் சிரிக்கவில்லை. துரை சிரிக்காதபோது தோட்டத்தில் யாரும் சிரிப்பதில்லை.

நடுவராக வந்திருந்த டவுன் பாடசாலை ஆசிரியர் நல்ல மனிதர். மைக்கை என்னிடம் நீட்டினார். "ஏன் பிழைச்சதுன்னு கண்டுபிடிச்சுச் சொன்னா அதுக்கும் புள்ளி இருக்கு, மகள்."

புள்ளி என்றதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. கையின் நீளத்தை அளந்தேன். சரி. கவண் சரி. மிஞ்சியது பாரம். பாடசாலைச் சாப்பாட்டு அறையில் அரிசி நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. சாக்கைத் தூக்கிவந்து நிறுத்தார்கள். இருபத்து மூன்று!

"சேர், என் கணக்குப் பிழையில்ல!" மைக்கில் என் குரல் மூன்று மலைக்குக் கேட்டிருக்கும். "அப்பா இருவதுன்னு சொன்னாங்க. மழை நாள்ல கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரியே, சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சிட்டாங்க சேர்!"

நடுவர் சாக்கைத் திறந்து பார்த்தார். "கருங்கல்லுல ஏதும்மா தண்ணி?"

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் நடுவிலிருந்து, கொழுந்தெடுக்கும் செல்லம்மா அக்காவின் குரல் வந்தது. அதற்கு மைக் தேவைப்படவில்லை.

"கல்லுக்கே தண்ணி கழிக்கிறாரு! எங்க கொழுந்துக்குக் கேக்கணுமா?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். துரை ஒருவர்தான் சிரிக்கவில்லை. அப்பா கவிழ்ந்த கேத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் நான் என்ன பேசினேன் என்பது எனக்கே உறைத்தது. எனக்குப் புள்ளி கிடைத்தது. தெரிவும் ஆனேன். கைதட்டல் ஒன்றுமே என் காதில் விழவில்லை.

வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அப்பா முன்னால் நடந்தார். பாலத்தடிவரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"ஏம்பா கழிச்சீங்க?"

"கழிக்கல." அப்பா திரும்பவில்லை. "முள்ளு இருவத்தி மூணுதான் காட்டுச்சு. கண்ணு பாத்துச்சு. வாய் தானா இருவதுன்னு சொல்லிருச்சு."

கொஞ்ச தூரம் போனபின் மறுபடி சொன்னார். "வெயில் நாள்லயும் அப்படித்தான் சொல்லுது போல."

எனக்கு அழுகை வந்தது. மழை நாளில் தண்ணீருக்குக் கழிக்கச் சொன்னது துரை. சொன்னது அப்பாவின் வாய். ஆனால் அதை மைக்கில் போட்டது நான்.

மறுநாள் நிறுவையில் செல்லம்மா அக்கா கூடையை இறக்கிவைத்து, "ஐயா, இது கல்லு இல்லீங்க, கொழுந்துதான். பாத்துக் கழிங்க" என்றாராம். அப்பா முள்ளைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி முதலில் முழு எடையைச் சொன்னார். பிறகு கழிவு எவ்வளவு என்றார். பிறகுதான் மிச்சம். வெயில் நாளில் கழிவு என்ற சொல்லே வரவில்லை. துரை கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அப்பா கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, மறுநாளும் அப்படியே சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அப்படித்தான்.

வீட்டில் அம்மா மட்டும் விடவில்லை. அப்பா எதற்காவது என்மேல் கோபப்பட்டால், "ஏங்க, பேர் வாங்கித் தரச் சொன்னீங்க. புள்ள பாவம், அரைப் பேர்தான் வாங்க முடிஞ்சிச்சு" என்பார். உறவுக்காரர்கள் நடுவிலும் நான் "அப்பாவுக்கு அரைப் பேர் போட்ட மக" ஆகிவிட்டேன். அப்பா இந்தப் பேச்சுக்கு ஒருநாளும் சிரித்ததில்லை.

போன மாதம் என் மகனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மிட்வைஃப் அம்மா பிள்ளையைத் தராசில் போட்டார். "ஏழு கிலோ. உடுப்போட இருக்கான், கொஞ்சம் கழிச்சி எழுதுவோம்" என்று பேனாவை எடுத்தார்.

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் சட்டை, தொப்பி, காலுறை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். குளிரில் பிள்ளை வீரிட்டது.

"இப்பப் பாருங்கம்மா. முள்ளு காட்டுறத எழுதுங்க. ஒண்ணும் கழிக்க வேணாம்."

மிட்வைஃப் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் அம்மாதான் எழுந்து போய் அப்பாவின் தோளிலிருந்த காலுறையை எடுத்தார்.

"சரிங்க," என்றார் அம்மா. "இன்னைக்கு ஒங்களுக்கு முழுப் பேர்."

அப்பா சிரித்துவிட்டார்.