செம்பு நானாவும் எங்கள் வீட்டுக் கேத்தலும்

இரும்பு, பித்தளை, செம்பு எல்லாவற்றையும் நிறுத்து விற்கிற ஹார்ட்வெயார்க் கடைக்காரன் நான். ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தல் எதனால் செய்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அந்த மடத்தனத்தால் ஒரு மனிசனுக்குத் தென்னந்தோட்டமே போனது. அவர்தான் ஊரே அண்ணன் முறையில் கூப்பிடும் செம்பு நானா.

கனமூலையிலிருந்து சிலாபம் வரைக்கும் தேடினாலும் அவரைப் போல நிலத்தை நம்பிய ஆள் கிடைக்கமாட்டார். நாமெல்லாம் நிலத்துக்கு மேலே இருப்பதைப் பார்ப்போம். அவர் கீழே இருப்பதை மட்டும் பார்ப்பார். மையத்து அடக்கப் போன இடத்தில் கபுறுக் குழிக்குள் எட்டிப் பார்த்து, "கறுப்புக் களிமண் வந்திச்சா?" என்று கேட்டு அடி வாங்கத் தெரிந்தவர்.

எல்லாம் அவர்களுடைய குடும்பக் காணியால் வந்த வினை. காட்டோரத்தில் ஒரு சிவப்பு மண் மேடு. அதன் வெட்டுமுகத்தில், பாசி பிடித்தது போல மெல்லிய பச்சைக் கோடு ஒன்று ஓடும். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரை வந்து அங்கே குழி தோண்டினாராம். துரைக்குச் செம்பு கிடைக்கவில்லை. ஊருக்கு மட்டும் அந்தக் குழியில் அடிக்கடி ஆடு கிடைத்தது. பிறகு ஒரு ஜீப்பில் அரசாங்க ஆட்கள் வந்தார்கள். அப்போது இளந்தாரியாக இருந்த நானா அவர்களுக்குக் குடை பிடித்தார், கல் மூட்டை சுமந்தார். "திரும்பி வாறம்" என்று சொல்லிவிட்டு ஜீப் போய்விட்டது. மனிசன் அன்றைக்குக் காத்திருக்கத் தொடங்கியவர்தான்.

ஜீப்பில் வந்தவர்களிடம் கேட்ட பாடத்தை எல்லோருக்கும் நடத்துவார். "செம்பு எங்கட மச்சான் மாதிரி. உப்புத் தண்ணியோட சேந்து செவப்பு மணலுக்குள்ள ஊர் சுத்தும். இலை குழை அழுகின கறுப்புக் களியக் கண்டிச்சோ, குந்திரும். பொறகு எழும்பாது."

மச்சான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். எழும்பமாட்டார்.

நானா கிழமைக்கு ஒரு தடவை என் கடைக்கு வருவார்.

"தம்பி, ஒரு ஆணி தா. துருப் புடிக்காததாப் பாத்து."

மேட்டுப் பச்சைக் கல்லைத் தூளாக்கி வினாகிரிக் காடியில் கரைத்து இரும்பு ஆணியைப் போடுவார். செம்பு இருந்தால் ஆணியில் சிவப்பாகப் படியுமாம். அடுத்த நாள் கொண்டுவந்து காட்டுவார்.

"செவந்திரிக்கி, பாரு!"

"நானா, இது துரு."

"துரு உன்ட கண்ணுல."

நானாவின் வாப்பா மௌத்தாகி அடக்கின பிறகு அவரும் தங்கச்சியும் காணியைப் பிரிக்க வேண்டி வந்தது. ரோட்டோரத் தென்னந்தோட்டம் ஒரு பங்கு, மேடு மற்றப் பங்கு. மேடு தங்கச்சிக்குப் போனால் கிரவல் லொறிக்காரர்கள் அதை அள்ளி ரோட்டில் கொட்டிவிடுவார்கள், பச்சைக் கோடு உட்பட. தோட்டத்தை விட்டால் நானா சோற்றுக்கு என்ன செய்வார்? அந்த நேரம் பார்த்துத்தான், கனிமம் தேடுகிற கம்பனி ஒன்றிலிருந்து ஒரு மிஸ் மேட்டைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. நானா தங்கச்சியிடம் சொன்னார்:

"மிஸ்ஸுக்கு முன்னால ஆணி செவந்தா மேடு எனக்கு. செவக்காட்டி தோட்டம் எனக்கு. சரியா?"

"சரி நானா. பொறகு கதை மாத்தப்படாது."

வினாகிரி கொண்டுவருவது என் பொறுப்பு. மோட்டார்சைக்கிளில் போத்தல் உடைந்துவிடும் என்று முன்யோசனையாக, குசினியில் கரி பிடித்துத் தொங்கிய பழைய கேத்தலில் முதல் நாளே ஊற்றி வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே முன்யோசனை அதுதான்.

மேட்டில் எல்லோரும் கூடினோம். கேத்தலிலிருந்த வினாகிரியைக் கிளாசில் ஊற்றிய நானா, கழுவுவதற்காக முதலில் ஆணியை அதற்குள் போட்டார். வெளியே எடுத்தார். புது மாப்பிள்ளை மாதிரிச் சிவந்திருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! மேடு எனக்கு!"

"தோட்டம் எனக்கு!" என்றார் தங்கச்சி, மூச்சு விடாமல்.

மிஸ் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, கல்லுத் தூள் இன்னும் உங்கட மற்றக் கையிலதானே இருக்கு?"

மிஸ் கேத்தலை வாங்கி ஆணியால் சுரண்டினார். கரிக்குக் கீழே செம்பு பளபளத்தது. ராத்திரி முழுக்க வினாகிரியில் கரைந்து ஆணியில் படிந்தது எங்கள் வீட்டுக் கேத்தல்தான்.

"அண்ணன் என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று என்னைக் கேட்டார்.

"ஹார்ட்வெயார்க் கடை."

மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

தன் பையிலிருந்த அசிட்டில் மிஸ்ஸே திரும்பச் செய்து பார்த்தார். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடியும்வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆணியின் நுனி மட்டும், மருதோன்றி பாதியில் கழுவின நகம் போல, லேசாகச் சிவந்தது.

"செம்பு இருக்கு ஐயா. ஆனா அந்தப் படை ஒரு பாண் துண்டுத் தடிப்புத்தான். சுரங்கம் போடக் காணாது. எங்கட மெப்பில, நில வரைபடத்தில, ஒரு புள்ளி வைப்பம், செம்பு தென்பட்ட இடமெண்டு."

"எங்கட மேட்டுலயா? புள்ளியா?"

"ஓம்."

ஹஜ்ஜுக்குப் பெயர் வந்தவர் போல நானா நின்றார். கேத்தல் ஆணி சிவந்தபோது சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு தங்கச்சி தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நானா கேட்கவும் இல்லை. இப்போது மேட்டில் வேலி போட்டு ஆடு வளர்க்கிறார். கிரவல் லொறி வந்தால், "மெப்புல இரிக்கிற எடம், தொடப்படாது" என்று திருப்பி அனுப்புகிறார். அவருக்கென்று கடையில் நல்ல ஆணியாகப் பார்த்து ஒரு டின்னில் போட்டு வைக்கிறேன்.

போன பெருநாளைக்கு மனசு கேட்காமல் போய்ச் சொன்னேன்: "நானா, என்ட கேத்தலாலதானே உங்களுக்குத் தோட்டம் போச்சு. மாப்புப் பண்ணுங்க."

ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன்ட கேத்தல் இல்லாட்டியும் நான் மேட்டத்தான் எடுத்திரிப்பன். நீ ஒண்டும் பெரிய ஆள் இல்ல."