நான் சைவன்தான் என்று ஒரு கையெழுத்து

சிவமயம்

டோர்ட்மண்ட்
9 பங்குனி 2026

பேரன்புமிக்க அண்ணை கனகலிங்கம் அவர்கட்கு,

தம்பி அரியரத்தினம் எழுதிக்கொள்வது. என் இரண்டு முழங்கால்களையும் கணக்கில் சேர்க்காவிட்டால், நானும் சிவமலரும் பிள்ளை தேனுஜாவும் நல்ல சுகம். பாரிஸில் நீங்களும் அண்ணியும் அவ்வாறே இருக்க முருகன் துணை நிற்பாராக. போன் இருக்கிற காலத்தில் இவன் ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறான் என்று யோசிப்பீர்கள். முதற்காரணம், தைப்பொங்கலன்று நடந்த சண்டைக்குப் பிறகு நீங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறிவிட்டீர்கள். இரண்டாவது, எனக்கு உங்கள் கையெழுத்து வேண்டும், மையால் போட்ட கையெழுத்து. கேட்பதற்கு முன் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சிவமலர் பக்கத்தில் நின்று சொல்கிறாள். கேட்கிறேன். ஆனால் சண்டையைத் தொடங்கியது நீங்கள்தான்.

பொங்கல் வாழ்த்துச் சொல்லத்தானே மூன்று பேரும் வீடியோவில் வந்தோம். அதற்குள் நீங்கள், "நான் அறுபத்திரண்டிலை பென்சன் எடுத்தனான், நீங்கள் ஜேர்மன்காரர் சாகும்வரைக்கும் மாடு மாதிரி உழையுங்கோ" என்றீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. உங்கள் நாட்டில் பென்சன் வயதை இரண்டு வருடம் கூட்டப் போனதற்கே குப்பைத் தொட்டிகள் எல்லாம் எரிந்தன, எங்களுக்கு அறுபத்தேழு என்றபோது நாங்கள் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டோம், அதுதான் ஒழுங்கு என்றேன். உடனே டென்மார்க்கிலிருந்து தவமணி அக்கா, சம்பளத்தில் பாதியை அரசாங்கம் எடுத்தாலும் தன் வீடு கூட்ட ஆள் அனுப்புகிறது, உங்கள் இரண்டு பேர் வீட்டையும் யார் கூட்டுகிறார்கள் என்று கேட்டார். அக்காவோடு யாரால் வாதாட முடியும்? பிறகு வரிக்கு வந்தோம். இங்கே கலியாணம் கட்டினவர்களுக்கு வரி வகுப்பு உண்டு, எனக்கு மூன்றாம் வகுப்பு, சிவமலருக்கு ஐந்தாம் வகுப்பு, அன்றிலிருந்து அவள் தன்னைப் படித்தவள் என்று சொல்லிக்கொள்கிறாள் என்று விளங்கப்படுத்தினேன். கடைசியில் சேர்ச்சுக்கென்று சம்பளத்தில் பிடிக்கிற எங்கள் கோயில் வரியையும் பெருமையாகச் சொன்னேன். அப்போதுதான் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "என்னடாப்பா, சைவக்காரன் சேர்ச்சுக்கு வரி கட்டுறியோ? பிரான்சிலை அப்பிடி ஒரு வரியே இல்லை!" என்றீர்கள். நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. அதோடு நீங்கள் குழுவை விட்டுப் போனீர்கள்.

ஆனால் அண்ணை, நீங்கள் சிரித்தது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த வரியை ஜேர்மனியில் எல்லோரும் கட்டுகிறார்கள் என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன். சம்பளத் துண்டில் கழிவுகளை வாசித்தால் வயிறு எரியும் என்பதால் நான் கடைசி வரியை மட்டுமே பார்ப்பது வழக்கம். தேனுஜா வரிக் கந்தோரொன்றில் வேலை செய்கிற பிள்ளை அல்லவா, முப்பத்தெட்டு வருடத் துண்டுகளையும் மேசையில் பரப்பினாள். பரப்பிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அப்பா, நீங்கள் கத்தோலிக்கர். உங்கட வருமான வரிக்கு மேலை நூற்றுக்கு ஒன்பது படி சேர்ச்சுக்குப் போயிருக்கு" என்றாள். நான் நெற்றியைத் தடவிப் பார்த்தேன். திருநீறு இருந்தது.

இது எப்படி நடந்தது என்றால், 1985இல் அகதி விடுதியில் ஒரு கன்னியாஸ்திரி எனக்குக் குளிர்கோட்டு ஒன்று தந்தார். அடுத்த நாள் அவரே என்னை நகரசபைக்குப் பதியக் கூட்டிப் போனார். எழுதுகிற மனுசன் என்ன சமயம் என்று கேட்டான். கோட்டுத் தந்த மனுசி பக்கத்தில் நிற்கிறா, கோட்டு என் உடம்பில் இருக்கிறது, எப்படி அண்ணை அவவின் சமயம் இல்லை என்று சொல்வது? மரியாதைக்காகக் "கத்தோலிக்" என்றேன். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தால் வேண்டாம் என்று சொல்லுவோமா? அதே பழக்கம்தான். ஒரு கோட்டுக்கு நான் கொடுத்த விலையில் இன்றைக்கு ஒரு கோட்டுக்கடையே வாங்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஆவி அடிக்கிற இயந்திரத்துக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நின்று நின்று என் கால் போய்விட்டது. படியேறும்போது சத்தம் எனக்கு முன்னால் போகிறது. நாற்பத்தைந்து வருடம் உழைத்தவர்கள் கொஞ்சம் முந்திப் பென்சனுக்குப் போகலாம், ஆனால் வந்த புதிதில் எங்களை வேலை செய்ய விடாதபடியால் எனக்கு அது எட்டவில்லை. இந்த வருடமே போவதென்றால், முந்திப் போகிற ஒவ்வொரு மாதத்துக்கும் பென்சனில் ஒரு கீறு வெட்டுவார்கள், அதுவும் சாகும்வரைக்கும். அந்த வெட்டை முன்கூட்டியே காசு கட்டி நிரப்பவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்தக் காசு என்னிடம் இல்லை. ஆனால் ஞானஸ்நானமே பெறாதவனிடம் பிடித்த கோயில் வரியைத் திருப்பிக் கேட்கலாம் என்கிறாள் தேனுஜா. எவ்வளவு வரும் என்று அவளுக்கும் தெரியாது. வந்தால் நான் வீட்டில் இருப்பேன், வராவிட்டால் இன்னும் இரண்டு வருடம் ஆவிக்கு முன்னால் நிற்பேன். என் நிலைமை இவ்வளவுதான்.

விண்ணப்பம் கொண்டுபோனேன். அலுவலகத்து அம்மா நல்ல மனுசி. ஞானஸ்நானம் பெற்றவர்கள் அத்தாட்சி காட்டலாம், பெறாதவர் அதற்கு எந்த அத்தாட்சியைக் காட்டுவீர் என்று என்னிடமே கேட்டார். நான் திருநீறைக் காட்டினேன். அதைப் படியெடுத்துக் கோவையில் வைக்க முடியாதாம். பிறந்ததிலிருந்து என்னை அறிந்த இரண்டு பேர் எழுதிக் கையெழுத்திட்டால் பரிசீலிக்கலாம் என்று 23ஆம் திகதி வந்து சந்திக்க ஒரு ரேர்மின் தந்தார். வீட்டுக்கு வந்து சொன்னால் சிவமலர் உலைமூடியைப் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். நீங்கள் அறிவீர்கள், அவள் சைவம்தான், ஆனால் ஒவ்வொரு ஆவணியும் இங்கே கெவலார் ஊர் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தாமல் விடமாட்டாள். "மாதாவுக்குக் குடுத்த காசைத் திருப்பிக் கேக்கிற மனுசனுக்கு நான் சோறு போடேலாது" என்று சொல்லிவிட்டாள். மூன்று நாளாகப் பாண் சாப்பிடுகிறேன். இந்த நாட்டுப் பாண் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். உங்களுடையதோடு ஒப்பிட மாட்டேன், அதில் மட்டும் தோற்றுவிட்டேன்.

ஆகவே அண்ணை, பகையை மறந்து, உங்கள் தம்பி பிறவியிலேயே சைவன், எந்தச் சுவாமியாரும் அவன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். நீங்கள் அங்கே பிள்ளையார் கோயில் பரிபாலன சபைத் தலைவர் ஆனபடியால் கோயில் முத்திரையையும் ஒரு குத்துக் குத்திவிட்டால் ஜேர்மன்காரனுக்கு நெஞ்சு குளிரும். முத்திரை கண்டால் இவர்கள் வேறொன்றும் கேட்கமாட்டார்கள். இரண்டாவது கையெழுத்தை அக்காவிடம் வாங்கிக்கொள்வேன்.

அண்ணிக்கு எங்கள் அன்பு. உங்களுக்கு நீரிழிவும் கோபமும் குறைந்து, பிரான்ஸ் அரசாங்கத்தின் பென்சனை நூறு வயதுவரை எடுத்து அவர்களை அழவைக்க விநாயகப் பெருமானை வேண்டுகிறேன்.

இங்ஙனம்
அன்புத் தம்பி
அ. அரியரத்தினம்

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்கு முன் அக்காவுக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அக்கா சொன்னா: "அட விசரா, நான் பொய்க்குக் கையெழுத்து வைக்கேலாது. உனக்கு எட்டு மாசத்திலை நெருப்புக் காய்ச்சல். பரியாரியும் கைவிட்டிட்டார். அம்மா அப்பாவுக்குச் சொல்லாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு கடற்கரை அந்தோனியார் கோயிலுக்கு ஓடினவ. சுவாமியார் தண்ணி ஊத்தி அந்தோனி எண்டு பேர் வைச்சவர். மெழுகுதிரி பிடிச்சது நான். பிள்ளை பிழைச்சால் அவன் உழைக்கிற காலம் முழுக்க உழைப்பிலை ஒரு பங்கு தருவன் எண்டு அம்மா நேர்ந்தவ. அதைக் கட்டேல்லையே எண்டு சாகும்வரைக்கும் அவவுக்கு மனவருத்தம்."

அண்ணை, நான் சமையலறையில் இருந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். முப்பத்தெட்டு வருடமாக, மாதம் ஒன்றும் தவறாமல், அம்மாவின் நேர்த்தியை ஜேர்மன் அரசாங்கம் என் சம்பளத்தில் பிடித்துக் கட்டியிருக்கிறது. ரேர்மினை ரத்துச் செய்துவிட்டேன். அம்மாவின் கடன் தீர்ந்ததே போதும் என்று, வெட்டுகிற பென்சனோடே இந்த வருடம் வீட்டுக்குப் போகிறேன் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். சிவமலர் இன்றைக்குச் சோறும் மீன்குழம்பும் வைத்தாள்.

ஆகவே உங்கள் கையெழுத்து வேண்டாம். ஆனால் அக்கா இன்னொன்றும் சொன்னா, அம்மா தனக்குச் சொன்னதாம். மூன்று வயதில் உங்களுக்கு அம்மை போட்டபோதும் அதே கோயில், அதே நேர்த்தி. உங்கள் பெயர் சூசை. பிரான்சில்தான் அந்த வரி இல்லையே, ஒரு சதமும் பிடித்திருக்க மாட்டார்கள். நீங்கள் உழைத்த காலம் முழுவதும் பாக்கி நிற்கிறது அண்ணை, அதை அந்தோனியாரோடு நேரே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தைக் கோயில் சபையில் யாரும் காணமுன் கிழித்துவிடுங்கள்.